அரசை வளர்த்த சந்தை

பதுளை நூலக வளவில் ஒரு கல்தூண் நிற்கின்றது. அதன் பக்கங்களில் மேலிருந்து கீழ்வரை நெருக்கமாக எழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. வெலிமடையிலிருந்து பதுளைக்கு நான் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன். ஆனால், எங்கள் வரலாற்று ஆசிரியை உயர்தர வகுப்பு மாணவியரை அழைத்துச் சென்ற அன்றுதான் அந்தத் தூணின் முன்னால் முதன்முறையாக நின்றேன்.

“இது எந்தப் போரைப் பற்றிய கல்வெட்டு, டீச்சர்?” என்று கேட்டேன்.

“போர் ஒன்றுமில்லை. இது ஒரு சந்தைக்கு அரசன் போட்ட சட்டம்” என்றார்.

எனக்கு அது வியப்பாக இருந்தது. வரி, தராசு, வெற்றிலை, பாக்கு என்பவற்றுக்காகவா ஓர் அரசன் இவ்வளவு பெரிய கல்லில் எழுதி வைப்பான்?

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு வயதான சிங்கள அம்மா இருந்தார். அன்பாகத்தான் பேசினார். “மகள், உங்கட ஆக்களுக்கு ஊர் எது?” என்று கேட்டார். “வெலிமடை” என்றேன். “அது சரி, அதற்கு முதல் எங்கேயிருந்து வந்தீர்கள்?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனாலும், அந்தக் கேள்வியும் அந்தத் தூணும் எப்படியோ என் மனதில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. அவற்றை யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

அரசு எதனால் வளர்கிறது?

பழைய அரசுகள் எவ்வாறு வளர்ந்தன என்று பரீட்சையில் கேட்டால், குளங்கள் கட்டினார்கள், நெல் விளைந்தது, படை திரட்டினார்கள், போரில் வென்றார்கள் என்று எழுதுவோம். அது பிழையில்லை. ஆனால் அதில் ஒரு படி விடுபட்டுப் போகிறது.

நெல் பாரமான பொருள். நீண்ட தூரம் கொண்டுபோக முடியாது, பல வருடங்கள் வைத்திருக்கவும் முடியாது. களஞ்சியம் நிறைய நெல் இருந்தாலும் அதைக் கொண்டு ஓர் அரசன் குதிரையை வளர்த்தெடுக்க முடியாது; இலங்கையில் போர்க் குதிரைகள் கடல் வழியாகவே வந்தன. பட்டும், உயர்ந்த கண்ணாடியும், சீன மட்பாண்டமும் அப்படித்தான். தன்னிடம் மிஞ்சியதைத் தன்னிடம் இல்லாததாக மாற்றுவதற்கு அரசனுக்கு வணிகன் தேவை. வணிகன் வரும் துறையில் சுங்கம் கிடைக்கும். சுங்கத்தால் படைக்குச் சம்பளம் கொடுக்கலாம், விகாரை கட்டலாம், குளம் திருத்தலாம்.

சூரா குறைஷ் ஓதத் தெரியாதவர் நம்மில் எவருமில்லை. பயிர் விளையாத ஒரு பள்ளத்தாக்கில் மக்கா நகரம் வளர்ந்ததற்கு குறைஷிகளின் குளிர்காலப் பயணமும் கோடைகாலப் பயணமும் எவ்வளவு முக்கியமாக இருந்தன என்பதை அந்தச் சிறிய அத்தியாயத்திலிருந்தே விளங்கிக்கொள்கிறோம். பயணம் அச்சமின்றி நடந்தால் ஊர் வளரும். இதே உண்மை நமது தீவின் முதல் அரசுக்கும் பொருந்துகின்றது.

ஆற்றின் இரு முனைகள்

அநுராதபுரம் கடலிலிருந்து தள்ளி, உலர்ந்த சமவெளியின் நடுவே இருக்கின்றது. ஆனால் அதன் அருகே ஓடும் மல்வத்து ஓயாவைப் பின்தொடர்ந்து போனால் மன்னார்ப் பக்கத்துக் கடலுக்கு வந்து சேரலாம். தமிழில் அதனை அருவியாறு என்போம். அது கடலைச் சேரும் பகுதியில்தான் மாந்தை, அதாவது மாதோட்டம் இருந்தது. சிங்கள, பாளி நூல்களில் வரும் மகாதித்தவும் இதுவே. ஆற்றின் ஒரு முனையில் தலைநகர், மறு முனையில் துறைமுகம். ஒன்றில்லாமல் மற்றது வளர்ந்திருக்க முடியாது.

1980களின் தொடக்கத்தில் மாந்தையில் அகழாய்வு செய்தபோது சீன மட்பாண்டங்களும், பாரசீக வளைகுடாப் பக்கத்துப் பளபளப்பூட்டிய பாத்திரங்களும், கண்ணாடியும், மணிகளும் கிடைத்தன. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கொஸ்மாஸ் என்பவர் இத்தீவைப் பற்றி எழுதியுள்ளார். கிழக்கிலிருந்து பட்டும், கராம்பும், சந்தனமும் இங்கே வந்து, இங்கிருந்து மேற்கே போயின என்கிறார். பாரசீகத்திலிருந்து வந்து குடியேறிய கிறித்தவர்களையும் குறிப்பிடுகிறார்.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்தில் இரண்டு வருடங்கள் தங்கியவர் சீனத் துறவி பாஹியன். அங்குள்ள ஒரு புத்தர் சிலையின் முன்னால் ஒரு வணிகர் சீனத்து வெள்ளைப் பட்டு விசிறியைக் காணிக்கையாக வைப்பதைக் கண்டு, தன் ஊர் ஞாபகம் வந்து கண்ணீர் விட்டதாக அவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த விசிறி அநுராதபுரம் வந்து சேர எத்தனை துறைமுகங்களையும் எத்தனை கைகளையும் கடந்திருக்க வேண்டும்!

வந்தவை பொருட்கள் மட்டுமல்ல. மனிதரும் வந்தனர், தங்கினர். பண்டுகாபய மன்னன் தலைநகரை அமைத்தபோது மேற்கு வாயிலின் பக்கம் யவனருக்கு இடம் ஒதுக்கினான் என்கிறது மகாவம்சம். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் உள்ள பிராமிக் கல்வெட்டு, ‘தமேட வணிஜ’ என்று, அதாவது தமிழ் வணிகன் என்று ஒருவரைக் குறிப்பிடுகின்றது. பௌத்த துறவியருக்குக் குகையைத் தானம் செய்தவர் அவர். அந்த வணிகர் தன்னைத் தமிழன் என்றும் சொல்கிறார், இந்த மண்ணின் சமயத்துக்குத் தானமும் செய்கிறார். இரண்டையும் ஒரே கல்லில் எழுதுவதில் அவருக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

எல்லாளனுக்கு முன்பே அநுராதபுரத்தை ஆண்டவர்கள் சேனனும் குத்திகனும். ஒரு குதிரை வணிகனின் மைந்தர்கள் என்று மகாவம்சம் அவர்களைச் சொல்கின்றது. அவர்கள் ஆட்சியைப் பறித்தவர்கள்தாம். ஆயினும் 22 வருடங்கள் நீதியாக ஆண்டார்கள் என்று அந்நூலே எழுதியிருக்கின்றது. குதிரை கொண்டுவருவோரின் கையில் எவ்வளவு செல்வமும் பலமும் இருந்திருந்தால் அவர்களின் பிள்ளைகள் சிம்மாசனம் வரை போயிருப்பார்கள்!

கூட்டமாய் வந்த வணிகர்

தனியே கடல் கடப்பது ஆபத்து. ஆகவே வணிகர்கள் குழுக்களாகச் சேர்ந்தனர். மணிக்கிராமம், அஞ்சுவண்ணம், ஐந்நூற்றுவர் என்பன அக்குழுக்களின் பெயர்கள். அவர்களுக்கெனச் சட்டதிட்டங்களும் காவல் வீரர்களும் இருந்தார்கள். தாய்லாந்தின் தகுவாபா என்னும் இடத்தில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தை மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் விட்டதைச் சொல்கின்றது. தமிழ் பேசிய வணிகர் அவ்வளவு தூரத்திலும் குளம் காத்திருக்கிறார்கள்.

கேரளத்துக் கொல்லத்தில் 849ஆம் ஆண்டு எழுதப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடு இன்னும் சுவையானது. அது சேர அரசின் கீழ் ஒரு கிறித்தவப் பள்ளிக்குக் கொடுத்த உரிமைகளைப் பற்றியது. அந்த உரிமைகளைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணத்தாரிடமும் மணிக்கிராமத்தாரிடமும் விடப்பட்டது. சாட்சிகள் கூஃபி எழுத்தில் அரபியிலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். முஸ்லிம்களும், பாரசீகரும், யூதரும் ஒரே செப்பேட்டில் சாட்சியாக நிற்கிறார்கள். அந்நிய வணிகரின் கையொப்பம் தன் ஆணைக்குப் பலம் சேர்க்கும் என்று அந்த ஆட்சியாளர்கள் அறிந்திருந்தார்கள்.

ஹோபிட்டிகமச் சந்தை

இனி நமது ஊவாவுக்கு வருவோம். பதுளைத் தூண் முதலில் பதுளையில் இருக்கவில்லை. மகியங்கனையில் சொரபொர வாவியின் அருகே 1857இல் அது கண்டெடுக்கப்பட்டது. பின்னரே பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது. பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்ட நான்காம் உதயனின் காலத்தது அது.

அங்கே ஹோபிட்டிகம என்றொரு சந்தை இருந்தது. மலைநாடு முடிந்து சமவெளி தொடங்கும் இடம் மகியங்கனை. பக்கத்தில் மகாவலி ஓடுகின்றது. மலையிலிருந்து இறங்குவோரும் கீழிருந்து ஏறுவோரும் சந்திப்பதற்கு ஏற்ற இடம் அது. அரசன் மகியங்கனை விகாரைக்கு வழிபட வந்தபோது, அச்சந்தையின் வணிகர் குழுவினரும் குடிமக்களும் அவனிடம் முறையிட்டார்கள். முன்னைய அரசன் இட்ட விதிகளை அதிகாரியின் ஆட்கள் மீறுகிறார்கள், முறையற்ற வரிகளை வாங்குகிறார்கள் என்பதே முறைப்பாடு. அரசன் அதைக் கேட்டுத் தன் அவையில் விதிகளை வகுத்து, கல்லில் வெட்டுவித்தான்.

அவ்விதிகளில் சில இவை. சந்தையில் விற்கக் கொண்டுவந்த பொருளுக்கே வரி உண்டு. அவ்வழியே வேறு ஊருக்குக் கடந்து செல்லும் பொருளுக்கு வரி வாங்கக் கூடாது. வெற்றிலையும் பாக்கும் அவற்றுக்கென அமைந்த பந்தல்களில்தான் விற்கப்பட வேண்டும். ஏற்றுக்கொள்ளப்படாத நிறைகளையும் அளவைகளையும் பயன்படுத்தக் கூடாது. போயா நாளில் வியாபாரம் கூடாது. மீறினால் விகாரை விளக்குக்கு எண்ணெய் கொடுக்க வேண்டும்.

இவ்விதிகளை நான் மீண்டும் மீண்டும் வாசித்தேன். அவை அதிகாரியை மட்டும் கட்டுப்படுத்தவில்லை, வணிகரையும் கட்டுப்படுத்துகின்றன. கடந்து செல்லும் பொருளுக்கு வரியில்லை என்பது அதிகாரிக்கு எல்லை. பொய்யான நிறை கூடாது என்பது வணிகருக்கு எல்லை. அளவில் மோசடி செய்வோருக்குக் கேடுதான் என்று தொடங்கும் சூரா முதஃப்பிஃபீனை ஓதும் நமக்கு இது அந்நியமான செய்தியல்ல. ஆயிரம் வருடங்களுக்கு முன் ஊவாவில் ஒரு சிங்கள பௌத்த அரசனும் இதே நீதியைக் கல்லில் எழுதி வைத்தான்.

இக்கல்வெட்டு வணிகர் குழுவைக் குறிக்கும் சொல் ‘வணிக்கிராமம்’ என்ற பொருளுடையது. கொல்லத்திலும் தகுவாபாவிலும் நாம் கண்ட மணிக்கிராமமும் இதே சொல்லின் வழி வந்ததே என்பர் அறிஞர். அப்படியானால் மகியங்கனைச் சந்தையும் அந்தப் பெரிய கடல் வழியின் ஒரு கிளைதான்.

கடந்து செல்வோரிடமும் ஒரு சுங்கம் வாங்கினால் அரசனுக்கு உடனே பணம் கிடைத்திருக்கும். ஆனால் அடுத்த முறை அவர்கள் வேறு வழியால் போவார்கள். சந்தை தேயும், பிறகு ஊரும் தேயும். இதை அந்த அரசன் அறிந்திருந்தான்.

எங்கள் வெலிமடைச் சந்தையில் கரட், போஞ்சி, லீக்ஸ், உருளைக்கிழங்கு என்று மூட்டைகள் குவிந்திருக்கும்போது, முத்திரை குத்திய தராசின் முள்ளையே தோட்டக்காரர்களின் கண்கள் பார்த்திருக்கும். அந்த முள் நேராக நின்றால்தான் அவர்கள் அடுத்த வாரமும் இந்தச் சந்தைக்கு வருவார்கள். ஹோபிட்டிகமத் தூண் எனக்கு விளங்கியது அங்கே நின்றபோதுதான்.

மறந்தபோது நடந்தது

உதயனின் தூண் நாட்டப்பட்டு ஏறக்குறைய ஐம்பது வருடங்களுக்குள் அநுராதபுர அரசு வீழ்ந்துவிட்டது. 982இல் ஆட்சிக்கு வந்த ஐந்தாம் மகிந்தனால் வரியை ஒழுங்காகத் திரட்ட முடியவில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்திருந்த கூலிப்படையினருக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அரசன் தலைநகரைவிட்டு உறுகுணைக்குத் தப்பி ஓடினான்.

அப்போது அக்கரையிலிருந்து வந்திருந்த ஒரு குதிரை வணிகன் இங்குள்ள நிலைமையைக் கண்டு, திரும்பிச் சென்று சோழ அரசனிடம் சொன்னான் என்று சூளவம்சம் கூறுகின்றது. அதன் பிறகு சோழர் படை வந்தது. 1017இல் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டு, சோழநாட்டிலேயே இறந்தான். தலைநகரும் பொலநறுவைக்கு மாறியது.

பாருங்கள், ஒரு குதிரை வணிகனின் மைந்தர்கள் அநுராதபுரத்தை ஆண்டார்கள். இன்னொரு குதிரை வணிகன் கொண்டுபோன செய்தி அதன் முடிவுக்கு வழிகாட்டியது. வணிகர் எல்லாம் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. பாதை இரு பக்கமும் திறந்தது. அதில் பட்டும் வரும், படையும் வரும். எது வரும் என்பது பெரும்பாலும் வீட்டுக்காரன் வீட்டை எப்படி வைத்திருக்கிறான் என்பதைப் பொறுத்தது.

சோழரை 1070இல் வெளியேற்றிய முதலாம் விஜயபாகு, அந்நியர் எவரும் வேண்டாம் என்று கதவை மூடிவிடவில்லை. அவன் மறைந்த பின்பு பொலநறுவையில் தந்ததாது ஆலயத்தின் காவல் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது தெரியுமா? வேளைக்காரப் படையினரிடம். அவர்கள் வளஞ்சியர், நகரத்தார் ஆகிய வணிகக் குழுவினரையும் கூட்டி, அவ்வாலயத்தைக் காப்போம் என்று உறுதி கூறிய கல்வெட்டு இன்றும் பொலநறுவையில் இருக்கின்றது. அது தமிழ்க் கல்வெட்டு. பௌத்தர்களின் மிகப் புனிதமான பொருளைக் காக்கும் சத்தியம் தமிழில் எழுதப்பட்டிருக்கின்றது.

மலைக்கு ஏறிய பாதை

பின்வந்த அரசுகளிலும் இக்கதை தொடர்ந்தது. 1344இல் இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கியபோது ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, பாவாத மலைக்குப் போக வழித்துணையும் கொடுத்தான். அந்த அரசன் பாரசீக மொழியை விளங்கிக்கொண்டான் என்று அவர் எழுதுகிறார். முத்து வாங்க வருவோரின் மொழி அரசனுக்கும் தெரிந்திருந்தது! 1911இல் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு, சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்ற மூன்று மொழிகளிலும் மூன்று சமயங்களுக்கான காணிக்கைகள் எழுதப்பட்டிருக்கின்றன. நமது கடற்கரையில் எந்த மொழிகள் வழங்கின என்பதைச் சீனாவில் இருந்தவர்களும் தெரிந்து வைத்திருந்தார்கள்.

போர்த்துக்கேயர் 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி அரசன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். பலரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். அது இரக்கம் மட்டுமல்ல, அறிவும்கூட. கரையோரம் அந்நியர் கையில் இருந்தபோது, மலைநாட்டு அரசுக்கு உப்பும், கருவாடும், துணியும் வர வேண்டும். பாக்கும் மிளகும் வெளியே போக வேண்டும். அந்த வேலையைச் செய்தவை தவளம் என்னும் பொதிமாட்டுக் கூட்டங்கள். அவற்றை நடத்தியவர்களில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். அரசின் போக்குவரத்துப் பிரிவான மடிகே பத்தவிலும் அவர்கள் பணி செய்தார்கள். உப்பில்லாமல் எந்த அரசும் ஒரு மாதம்கூட நிலைக்காது. அந்த உப்பைச் சுமந்த மாடுகளின் பின்னால் நடந்தவர்களை விருந்தாளிகள் என்று மட்டும் சொல்வது சரியாகுமா?

கேள்வியை மாற்றுவோம்

பஸ்ஸில் அந்த அம்மா கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கின்றது. அரசு முதலில் தானாக எழுந்து நின்றது, பிறகு வெளியார் வந்து சேர்ந்தார்கள் என்று நாம் நினைக்கிறோம். கல்வெட்டுகள் அப்படிச் சொல்லவில்லை. வருவோரும் போவோரும், அவர்களுக்கு நீதியான விதி செய்தவர்களும் சேர்ந்துதான் அரசு வளர்ந்தது. ஆகவே “எப்போது வந்தீர்கள்?” என்பதைவிட, “வந்து என்ன செய்தீர்கள், உங்களை எப்படி நடத்தினார்கள்?” என்பதே நல்ல கேள்வி.

அக்கேள்வியை நம்மைப் பற்றி மட்டும் கேட்டால் போதாது, தோழியரே. எங்கள் ஊரைச் சுற்றிய தேயிலை மலைகளைப் பாருங்கள். அங்கே வாழ்வோரின் முன்னோரும் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மலையேறியவர்கள்தாம். பழைய மாந்தை இருந்த அதே கரைதான் அது. அவர்கள் நட்ட செடியால் இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி வந்தது. ஆனால் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். எஞ்சியிருந்தோர்க்கும் உரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்தாம் நூற்றாண்டில் முறையிட்டவர்களுக்கு அரசன் உடனே செவிசாய்த்தான். இருபதாம் நூற்றாண்டில் முறையிட்டவர்களுக்கு 55 வருடங்கள் ஆயின. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கின்றது.

பதுளைக்குப் போனால் நூலகத்துக்கும் ஒரு தடவை போய் அந்தத் தூணைப் பாருங்கள். அதன் பழைய சிங்கள எழுத்தை எங்களால் வாசிக்க முடியாது. ஆனால் சந்தைக்கு வந்தவர்களின் குறையைக் கேட்டு எழுதிய கல் அது என்பது தெரிந்தால் போதும். அடுத்த முறை பஸ்ஸில் அந்த அம்மாவைச் சந்தித்தால் நான் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டேன். “அம்மா, பதுளையில் ஒரு தூண் இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா?” என்று பேச்சைத் தொடங்குவேன்.